குடம் தூக்காத மாதங்கள்

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்கும்மா. கனமா எதையும் தூக்கக் கூடாது. குனிஞ்சு நிமிர்ற வேலை வேண்டாம். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்துரணும்" என்றார். பிறகு என் பக்கத்தில் நின்றிருந்த கணவரைப் பார்த்து, "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதாங்க."

"அப்ப நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அரை பாட்டில் தண்ணீர்தான்.

நாங்கள் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒரே பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காம்பவுண்டில் வரிசையாகப் பத்துப் பதினைந்து லைன் வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை, அதிலேயே அடுப்பு. எல்லோருக்கும் பொதுவாகக் கடைசியில் குளியலறையும் கக்கூசும். உப்புத் தண்ணீர் தினமும் வரும். குடிக்கிற நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு தரம் வரும், சில சமயம் அதுவும் தள்ளிப்போகும். வருகிற அன்று காம்பவுண்டு முழுக்கக் குழாயடியில் வரிசை நிற்கும். பிடித்துக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இருக்கும் நீல டிரம்மில் ஊற்றி வைக்க வேண்டும். ஓஸ் போடக் கூடாது, குடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் சட்டம்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு ஒன்று கலைந்துபோயிருந்தது. நல்ல தண்ணீர் வந்த நாள் அது. காலையில் நான்தான் பிடித்து நிரப்பினேன். சாயங்காலம் இடுப்பில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டதே கிடையாது. ஆனால் அன்று காலை அவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் விழித்துப் பார்த்தபோது குடங்களைக் காணவில்லை. மேலே சிலாப்பில் ஏற்றி வைத்திருந்தார். விளக்குமாற்றையும் அதன் பக்கத்திலேயே சொருகியிருந்தார். கீழே ஸ்டவ்வுக்கு முன்னால் நின்று, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோற்றுப் பானையை எப்படி வடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எந்த வேலையும் தெரியாது. அன்று வடித்த சோறு பாதி சாக்கடைக்குப் போனது. தாளிக்கிற வாசனை எனக்கு ஆகாது என்பதால் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தாளித்தார். அடுத்த வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னுங்க, மாஸ்டர் இப்ப சமையல் மாஸ்டர் ஆயிட்டீங்களாட்ட இருக்குது?" அவர் தலையை நிமிர்த்தவில்லை. பெண்களிடம் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. காம்பவுண்டில் யார் எந்த வீடு என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது.

நான் குளிக்கப் போவதற்கு முன்னால் அவர் போவார். ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பொதுக் குளியலறையின் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெறுங்காலால் நடந்து பார்த்து, வழுக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் என்னைக் கூப்பிடுவார். வெளியே நிற்பார். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் எனக்குப் பயம் வரும். வழுக்கி விழுவேனோ என்ற பயம் இல்லை அது. உள்பாவாடையைப் பார்க்க வேண்டுமே என்ற பயம். ஒவ்வொரு தடவையும் கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டுதான் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் மூச்சு வரும். வெளியே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். கேட்க மாட்டார். நான் லேசாகத் தலையை ஆட்டுவேன்.

வேலையை விட்டு நின்றிருந்தேன். பகல் முழுக்கத் தனியாகப் படுத்திருந்தால் பயம் இரண்டு மடங்காகும். வயிற்றுக்குள் கொஞ்ச நேரம் அசைவு இல்லாவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். அசைந்தால், ஏன் இப்படி அசைகிறது என்று தோன்றும். அவரோ டீ டயத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வாசலில் காலை ஊன்றியபடியே எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவார்.

ஒரு நாள் அப்படி வந்தபோது நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அக்காவின் விளக்குமாறு. இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அடுக்கடுக்காகத் துணியை வைத்து மெஷின் கத்தியால் கோடு பிசகாமல் வெட்டுகிற கை அது.

"உன்னிய கையெடுத்துக் கும்புடுறேன் புள்ள. ஒண்ணும் செய்யாத."

"சும்மா படுத்துக் கெடந்தா பைத்தியம் புடிச்சுரும் போல இருக்கு. உக்காந்து செய்யிற வேலையாவது குடுங்க."

"வேண்டாம்."

"உங்க பயத்தப் பாத்தாத்தான் எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க ஓடி ஓடி வந்து எட்டிப் பாக்குறப்பல்லாம், எனக்குத் தெரியாத எதையோ டாக்டர் உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்காங்களோன்னு நெனைக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு யோசனை எனக்கு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "ஒண்ணும் சொல்லல. சத்தியமா ஒண்ணும் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் காய் நறுக்குகிற கத்தியையும் தட்டையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அதிலிருந்து, உட்கார்ந்து செய்வது என் வேலை, நின்றும் குனிந்தும் செய்வது அவர் வேலை என்று ஆனது. நான் நறுக்கினேன், அரிசி பொறுக்கினேன், காய்ந்த துணியை மடித்தேன். உப்பு எவ்வளவு, எப்போது கொதி வரும் என்று சுவரில் சாய்ந்தபடி சொன்னேன். அவர் செய்தார். சோறு குழையாமல் வர ஆரம்பித்தது. பயம் போகவில்லை. ஆனால் பகலில் கையில் ஏதாவது இருந்தது.

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஊரில் காய்ச்சல் பரவியது. அந்த வருடத்தைத் திருப்பூரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிக்குன்குனியா என்றார்கள். சிக்கனிலிருந்து வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, காம்பவுண்டில் கோழி சமைப்பதையே நிறுத்தினார்கள். காய்ச்சல் வந்தவர்கள் கிழவர்களைப் போல வளைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கொசுவால் வருகிறது என்று சொல்லிச் சுகாதார ஆட்கள் வந்து எங்கள் டிரம்களைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே புழு நெளிந்தது. அவ்வளவு தண்ணீரையும் வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

அதைக் கவிழ்த்த மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கம்பெனியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏறி மிதிக்க முடியவில்லை. விடிந்தபோது மணிக்கட்டும் விரல்களும் வீங்கி, பல் விளக்கும் பிரஷைக்கூடப் பிடிக்க வரவில்லை. டீயை நான்தான் வாயில் ஊற்றினேன். "கிட்ட வராத. தள்ளிப் படு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே அறையில் எங்கே தள்ளிப் படுப்பது? இருந்த ஒரு கொசுவலையை என் மேல் கட்டச் சொன்னார். கட்டவும் அவரால் முடியவில்லை, என்னால் எக்கவும் முடியவில்லை. வலையைப் போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். பட்டப்பகலில் ஒரு கொசு காதருகே வந்தாலும் உடம்பு தூக்கிப்போடும்.

அப்போதுதான் நல்ல தண்ணீர் வந்தது. குழாயடியில் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம். இதை விட்டால் இனி எப்போது வருமோ.

"பேசாமப் படு. நான் போறேன்" என்று எழுந்தவர் இரண்டடி வைத்துவிட்டு நிலைப்படியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். முட்டி மடங்கவில்லை. நான் எழுந்து, குடத்தைத் தொடாமல், சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். சொம்பு சொம்பாக எடுத்து வந்தால் கனம் தெரியாது என்று நினைத்தேன். இரண்டாவது நடையோ மூன்றாவது நடையோ, அவர் வாசலில் இருந்தபடியே சத்தம் போட்டார். என்னைப் பார்த்து அல்ல, குழாயடியைப் பார்த்து.

"அம்மா, யாராச்சும் கேளுங்க. எனக்குக் கை வரலைங்க. அவ தூக்கக் கூடாது. போன தடவை இப்படித்தான் தூக்கி எங்க பிள்ளை போயிருச்சு. யாராச்சும் ரெண்டு கொடம் ஊத்துங்க."

குழாயடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒரு வருடமாக அவர் வாயில் வராத அந்த வார்த்தை காம்பவுண்டு முழுக்கக் கேட்க வந்ததுதான் என்னவோ செய்தது. அடுத்த வீட்டு அக்கா தன் குடத்தை இடுப்பில் வைத்து எங்கள் டிரம்மை நோக்கி நடந்தாள். வீட்டுக்காரம்மா என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக்கொண்டார். "ஏன் அம்மிணி, வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்றதுக்கென்ன? போயி ஊட்டுக்குள்ள படு கண்ணு, போ." அன்று அந்த அம்மாவே தன் வீட்டு ஓஸைக் கொண்டுவந்து குழாயில் மாட்டினார்.

மத்தியானம் கக்கூசுக்குப் போனபோது பார்த்தேன். சிவப்பாக, ஒரு ரூபாய் அளவுக்கு.

சுவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சத்தம் போட்டால் அவருக்குக் கேட்கும், கேட்டால் அவர் செத்துப்போவார் என்று தோன்றியது. பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரம்மா ஆட்டோ பிடித்துவந்து தானும் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியும் என் கணவர் நொண்டிக்கொண்டே வந்து ஏறினார். கம்பியைப் பிடிக்க விரல் மடங்காததால் முழங்கையைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டார். மேடு பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் டிரைவரிடம், "மெல்லங்க, மெல்லங்க" என்றார். நான் வயிற்றில் கையை வைத்தபடி, அசை, அசை என்று சொல்லிக்கொண்டே போனேன். அது அசையவில்லை.

டாக்டரம்மா ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். இங்கே வைத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார். கரகரவென்று வெறும் இரைச்சல். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திடீரென்று குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று கேட்டது. "இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்தான். என் கணவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி எடுத்ததாலயா டாக்டர்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"சொம்புத் தண்ணியாலயா? நஞ்சு கீழ இருந்தா படுத்தே இருந்தாலும் ரத்தம் படும். நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும். அதுக்காக, எல்லாமே நாம செஞ்சதாலதான்னு இல்ல."

"போன தடவை?" என்றார் என் கணவர்.

"அது எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் முதல்முறையாக இளகியிருந்தது. இவர் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரசவம் வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. பக்கத்துக் கட்டில்களில் யாருக்காவது உடம்பு சுட்டால் எனக்கும் வந்துவிடுமோ என்று என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கணவர் வீட்டில் தனியாகக் கிடந்தார். அக்கா கஞ்சி கொடுத்தாள். கொஞ்சம் நடக்க முடிந்ததும் பஸ் ஏறி வந்து என் காலடியில் உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டு கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். மூடியை நான்தான் திறக்க வேண்டும்.

நாள் நிறைவதற்கு முன்பே இன்னொரு முறை ரத்தம் பட்டது. இந்தத் தடவை நிறைய. அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சின்னதாக, பூனைக்குட்டி மாதிரி ஒரு பெண். நர்ஸ் கொண்டுபோய் அவரிடம் நீட்டியபோது, "எனக்குக் கை நிக்காதுங்க, கீழ போட்டுருவேன்" என்று பின்னால் நகர்ந்தாராம். பிறகு நான்தான் அவரை உட்காரச் சொல்லி, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் கிடத்தச் சொன்னேன். தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மூட்டு வலி அவரை மாதக்கணக்கில் விடவில்லை. கம்பெனியிலிருந்து பனியன் கட்பீஸ் ஒரு மூட்டை கொடுத்திருந்தார்கள். மெத்தென்ற துணி, குழந்தைக்கு மூத்திரத் துணியாக அதைத்தான் கட்டினோம். எனக்கு வயிற்றில் தையல், குனிய முடியாது. அவருக்குத் துணியைப் பிழிய விரல் மடங்காது. பெரிய டப்பில் சோப்புத் தண்ணீர் விட்டு, துணிகளைப் போட்டு, ஏறி நின்று காலால் மிதிப்பார். அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"கை வராதுங்க. காலு வரும்" என்று என் கணவர் அவரிடம் சொல்வது வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. முன்பு போலத் தலையைக் குனியவில்லை, சத்தமாகவே சொன்னார்.

நான் கொசுவலைக்குள் குழந்தையின் பக்கத்தில் படுத்திருந்தேன். அது அசையாமல் தூங்கியது. ரொம்ப நேரமாக அசையவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாகக் காற்று பட்டது. விரலை எடுக்க மனம் வராமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.