பாட்டிலைச் சுற்றி இருபத்தாறு பேர்

லேபிளும் லேபிள் அடிக்கிற மெஷினும் விற்பது என் பிழைப்பு. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பத்துக்குப் பத்து கடை. பதினெட்டு வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். மெஷின் வாங்க வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மெஷினைப் பார்ப்பதே இல்லை. கலர் நன்றாயிருக்கிறதா, பெட்டி பிரிக்காததா என்று பார்ப்பார்கள். பிறகு, "ஃபைனலாச் சொல்லுங்க" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த மிச்சம் ஒருவர் வில்லாபுரம் பாண்டீஸ்வரி.

போன சித்திரையில் வந்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதிருக்கும். கட்டைப்பைக்குள் இரண்டு பாட்டில் பூண்டு ஊறுகாய். கூட வந்த கணவர் விருமாண்டி வாடகை வேன் ஓட்டுகிறவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எண்ணெய்க் கை பட்டாலும் எழுத்து அழியாத லேபிளு வேணும்ணே" என்றார் பாண்டீஸ்வரி.

விஷயம் இதுதான். திருமங்கலத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட் ஒன்றில் அவருடைய ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு முந்நூறு பாட்டில் கேட்டிருந்தார்கள். சட்டப்படி லேபிள் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் சரக்கு வந்து சேராவிட்டால் அலமாரியில் ஊறுகாய்க்கென்று ஒதுக்கிய தட்டு வேறொரு கம்பெனிக்குப் போய்விடும். ஒன்பது வருடமாகத் தெருவில் உள்ளவர்களின் டிபன் பாக்ஸில் கரண்டியால் அள்ளிப் போட்டுக் கொடுத்தவருக்கு அந்தத் தட்டு எவ்வளவு பெரிது என்று எனக்குப் புரிந்தது.

நாலு வகை லேபிள் கொடுத்தேன். வழக்கமாக ஆட்கள் அதைத் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் கழித்து நாலு பாட்டிலோடு வந்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது தகரக் கூரையில வெயில்ல வச்சது. பேப்பரு கருத்துப்போச்சு. இதுல எண்ணெயத் தேச்சேன், எழுத்தக் காணோம். இது ஃபிரிஜ்ஜுல வச்சேன், ஓரம் பிரிஞ்சிருச்சு. இந்தா, இதத்தான் ஒண்ணுஞ் செய்ய முடியல. நகத்தால கீறிட்டேன், கத்தியாலயும் கீறிட்டேன், அசையல."

அது பிளாஸ்டிக் லேபிள். மை ரிப்பன் வைத்த மெஷினில்தான் அடிக்க முடியும். கம்பெனிக்காரன் எனக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்துச் சொன்னதை அந்த அம்மா தகரக் கூரையில் கண்டுபிடித்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதே லேபிள், அதற்கேற்ற மெஷின் என்று முடிவானது. இத்தோடு வியாபாரம் முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மெஷினை மாட்டிக் கொடுக்க வில்லாபுரம் போனால், வீட்டு வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு. ஏதோ நிச்சயதார்த்தம் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தேன். விருமாண்டி ஓடிவந்து கையைப் பிடித்தார். "வாங்கண்ணே, ஒங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்." மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். எழுத்து அடிக்கிற இடத்திலும் ஒரு பொட்டு வைக்கப் போனவர் கையைத் தட்டிவிட்டேன்.

நான் தயாராக வைத்திருந்த மாதிரி லேபிள் இரண்டு அங்குலச் சதுரம். பூண்டு ஊறுகாய், என்னென்ன சேர்த்தது, எடை, தேதி, லைசென்ஸ் எண். அவ்வளவுதான்.

"என்னண்ணே, மொட்டையா இருக்கு?" என்றார் விருமாண்டி. "கொலசாமி பேரு இல்ல?"

சரி, சாமிதானே என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. சோழவந்தானிலிருந்து வந்திருந்த பாண்டீஸ்வரியின் தம்பி தங்கப்பாண்டி அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது.

"மச்சான், தாய்மாமன் பேரு எங்க?"

"தம்பி, இது பத்திரிகை இல்லப்பா, ஊறுகாய்" என்றேன் நான்.

"எங்க அக்கா வீட்டு மொத விசேசம்ணே இது. இதுலயே என் பேரு இல்லாட்டி நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சீர் கொண்டாருவேன்?"

அறையே ஆமாம் என்று தலையாட்டியது. தாய்மாமன் பேர் ஏறியது. உடனே விருமாண்டியின் அண்ணன் கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார். மச்சினன் பேர் வந்தால் பங்காளி பேர் அதற்கு மேலே வர வேண்டும் என்பது அவர் கட்சி. அதுவும் நியாயம் என்றார்கள். பங்காளிகள் ஏழு பேர். ஏழு பேரைப் போட்டால் அவர்களுடைய சம்பந்திகளை விட முடியாது. பெயர்கள் ஏற ஏற மதுரைக்காரன் ரத்தம் எல்லோருக்கும் கொதிக்க ஆரம்பித்தது. வெறும் பெயர் நன்றாக இல்லை, பட்டம் வேண்டும் என்றார்கள். கருத்தக்கண்ணன் 'காரத்தின் காவலர்' ஆனார். தங்கப்பாண்டி 'பூண்டுப் பாசறையின் போர்வாள்'. பட்டம் போட்டவர்களுக்குப் படம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் தபால்தலை அளவுக்கு அடித்ததில் நாலு முகமும் ஒன்றுபோலவே வந்தது. மீசையை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. ஆனாலும் அவரவர் படம் அவரவருக்கு அழகாகத் தெரிந்தது.

மொத்தம் இருபத்தாறு பேர். சதுரமாக இருந்த லேபிள் நீண்டு நீண்டு பாட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். அங்கே ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கூடத்தில் இருந்தவர்களின் வீட்டுப் பெண்கள்.

"ஏம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

பாண்டீஸ்வரி என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "விட்ருங்கண்ணே. ஒருத்தர் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனாலும் நாளைக்கு அந்த வீட்டுப் பொம்பளைய உரிக்க அனுப்ப மாட்டாக. இன்னும் முப்பது கிலோ பூண்டு கெடக்கு. நான் ஒத்தைக் கையால எப்ப உரிச்சு, எப்ப ஊறப்போட்டு, எப்பக் கொண்டுபோறது?"

திரும்பி வந்தால் கூடத்தில் புதுச் சண்டை. லேபிள் பாட்டிலைச் சுற்றி வந்து முடிகிற இடத்தில் ஒரு விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும். அடியில் போகிற பாகம் யார் கண்ணிலும் படாது. அந்த இடத்தில் இருந்தவர் ஒரு சம்பந்தி. அவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். வேறு யாரைப் போட்டாலும் அவரும் எழுந்துவிடுவார்.

கருத்தக்கண்ணன்தான் தீர்த்து வைத்தார். "அந்த எடத்துல ஊறுகா பேரப் போட்ருங்க. பூண்டு கோவிச்சுக்கவா போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி செருப்பைக் கழற்றினார். நானும் அப்படியே அடித்துக் கொடுத்தேன். பெரிய லேபிள் என்றால் ரிப்பன் நிறையச் செலவாகும், நமக்கு வியாபாரம்தானே என்று நினைத்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் விருமாண்டியின் வேனில் திருமங்கலம் புறப்பட்டோம். முந்நூறு பாட்டில், பதினோரு சொந்தக்காரர்கள், நான். புது மாலை போட்ட மெஷினும் ஒரு சீட்டில் உட்கார்ந்து வந்தது. நல்ல காரியத்துக்கு அதை விட்டுவிட்டுப் போகக் கூடாதாம்.

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் கனகலட்சுமி என்கிற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், சிரிக்காத முகம். ஒரு பாட்டிலை எடுத்து மெதுவாக உருட்டினார். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று உருட்டினார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஊறுகா மேடம்" என்றார் விருமாண்டி.

"எங்க போட்டிருக்கு?"

"இருக்கு மேடம். ஒட்டுக்குள்ள அடியில இருக்கு. இந்தா காட்டுறேன்." விருமாண்டி நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். பல்லால் இழுத்தார். அசையவில்லை. கத்திக்கே அசையாத லேபிளைத்தான் அவர் மனைவி தேடித் தேடி எடுத்திருந்தாரே.

"கடிச்சுப் பாத்துத்தான் உள்ள இருக்கறது தெரியணும்னா யாரு வாங்குவா?" என்றார் கனகலட்சுமி. "அஞ்சு மணி வரைக்கும் பாக்கிறேன். அதுக்கு மேல தட்டு என் கையில இல்ல."

அப்போது மணி இரண்டேகால். வேன் நிழலில் கூட்டம் கூடியது. மேலே சின்னதாக 'பூண்டு ஊறுகாய்' என்று இன்னொன்று ஒட்டிவிடலாம் என்றார் தங்கப்பாண்டி. நல்ல யோசனைதான். யார் முகத்தின் மேல் ஒட்டுவது? காவலர் போர்வாளைக் காட்டினார். போர்வாள் சம்பந்தியைக் காட்டினார். சம்பந்தி மறுபடி புறப்படத் தயாரானார். இப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று.

பாண்டீஸ்வரி அதுவரைக்கும் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். உரித்து உரித்துத் தோல் வெந்துபோன விரல்களை முந்தானைக்குள் மடக்கி வைத்திருந்தார். திடீரென்று எழுந்தார். அழப் போகிறார் என்று பயந்தேன். அவர் எதிர்க் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு பிளேடு வாங்கி வந்தார்.

"அம்புட்டுப் பேரும் வந்திருக்கீகள்ல? ஆளுக்கு ஒண்ணு எடுங்க. எம் பேரு எங்கன்னு நான் கேக்கல. ஊறுகா பேரு எங்கன்னு அந்தப் புள்ள கேக்குது, ஒருத்தருக்கும் வாயில்ல. அவுகவுக மூஞ்சிய அவுகவுகளே சொரண்டுங்க!"

முதலில் பிளேடை எடுத்தது விருமாண்டி. தகரமாய்க் காய்ந்த வேன் கூரையில் பாட்டில்களை அடுக்கச் சொன்னேன். சித்திரை வெயில் பத்தே நிமிடத்தில் பசையை இளக்கியது. சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வெள்ளை வேட்டி கட்டின பெரிய மனுஷர்கள் ரோட்டோரத்தில் வரிசையாகக் குந்தி, பாட்டிலில் தங்கள் மீசையைத் தாங்களே மழித்துக்கொண்டிருந்தார்கள்.

கனகலட்சுமி மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தார். என் பையில் எப்போதும் ஒரு இரண்டு அங்குல லேபிள் ரோல் இருக்கும். பாண்டீஸ்வரியைப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றேன்.

"மொதல்ல பூண்டு ஊறுகாய்னு போடுங்க. பெருசாப் போடுங்க." வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தயாரிப்பவர் என்ற இடத்தில் நின்றார். அவர் கண் தானாகக் கணவர் பக்கம் போயிற்று. பிறகு பையிலிருந்து லைசென்ஸ் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அடித்தேன். புகார்களுக்கு ஒரு போன் நம்பர் கட்டாயம் வேண்டும். அவரிடம் சொந்தமாகப் போன் கிடையாது. விருமாண்டி நம்பரைப் போட்டேன்.

நாலு ஐம்பதுக்கு முந்நூறு பாட்டிலும் தட்டில் ஏறின. பூண்டு வெளியே தெரிந்தது. பாண்டீஸ்வரி எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

தங்கப்பாண்டி மட்டும் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் தன் படம் கிழியாமல் வந்த துண்டு ஒன்றைப் பைக் டேங்கில் ஒட்டியிருக்கிறார் என்று கேள்வி. ஆறு பெண்களும் மறுநாள் காலையிலேயே பூண்டு உரிக்க வந்துவிட்டார்களாம். யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லையாம்.

போன வாரம் விருமாண்டி ரிப்பன் வாங்க வந்தார். கடையில் நின்ற கால் மணி நேரத்தில் மூன்று தடவை போன் அடித்தது.

"இல்லங்க, நான் பாண்டீஸ்வரி வீட்டுக்காரர் பேசுறேன். உப்பு தூக்கலா இருக்கா? இருங்க, அவுகளக் கேட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சவாரிக்குக் கூப்பிடுறவன்கூட, பாண்டீஸ்வரி வேனான்னு கேக்குறான்ணே." கொஞ்ச நேரம் மெஷின்களைப் பார்ப்பதுபோல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அடுத்த ரோல்ல எம் பேரச் சின்னதா எங்கயாச்சும் போட முடியுமா?"

"முதலாளியம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன். ஒரு எடம் இருக்கு, அதுல போட்டுக்கங்கன்னுட்டா."

அவர் சொன்ன இடத்தில் அடித்து, ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"புகார்களுக்கு: விருமாண்டி."

மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.