செங்கம்மாவின் ஆடுகள் மிதித்த குட்டை

சத்தியவேட்டுக்கு மேற்கே, எங்கள் ஊர் ஏரிக்கரையை அடுத்து எனக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் உண்டு. 1957ஆம் ஆண்டு அதன் தாழ்ந்த மூலையில் நாற்பதடிக்கு நாற்பதடியாக ஒரு குட்டை வெட்டினேன். ஐப்பசி மழையில் நிரம்பியது. பத்தே நாளில் வற்றியது. சரளை கலந்த செம்மண் தரையில் தண்ணீர் நிற்கவில்லை. வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்த ஒரு காலையில்தான் செங்கம்மா தம் ஆடுகளோடு அவ்வழியே வந்தார்.

அவர் நாகலாபுரம் பக்கத்தவர். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் முனியப்பன் இறந்தபின், எழுபது ஆடுகளைத் தனியாகவே மேய்த்து, அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டுப் பிழைத்துவந்தார். எதையும் தொட்டுப் பார்க்காமல் நகராதவர். அன்றும் குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணா, ஓட்டை எங்கன்னு தேடிக்கினு இருக்கியா?”

“ஒரே ஓட்டையா இருந்தா அடைச்சிருப்பேன்.”

“ஏரியில வண்டல் காஞ்சதும் அள்ளிக்கினு வந்து கொட்டு. மிதிக்கிறதை என் ஆடுங்க பாத்துக்கும்.”

“மாட்டை விட்டு மிதிக்கலாம்னு சொல்றாங்களே?”

“மாட்டுக் குளம்பு அகலம். மேலதான் தட்டும். ஆட்டுக் குளம்பு ஆணி மாதிரி, அடி வரைக்கும் இறங்கும். சந்தேகம்னா நீயே ஒரு தபா மிதிச்சுப் பாரு, தெரியும்.”

வண்டல் எடுக்க விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த கோடையில் வேலை நடந்தது. செங்கம்மா நான்கு விரற்கடைக் கனத்துக்கு அந்த வண்டல் களிமண்ணைப் பரப்பி, நீர் தெளித்து, நடுவில் வேலங்காயைத் தூவுவார். அதைத் தின்ன ஆடுகள் சுற்றிச் சுற்றி வந்து மிதிக்கும். கட்டைவிரலை ஊன்றி எடுத்தால் விரலில் மண் ஒட்டாத பதம் வந்த பிறகே அடுத்த அடுக்கு. இப்படி ஐந்து அடுக்குகள், பக்கச்சரிவிலும் அப்படியே. கடைசி அடுக்கு காய்வதற்குள் கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தண்ணீர் விடச் சொன்னார். காய்ந்தால் வெடித்துவிடும், வெடித்தால் அத்தனையும் வீண் என்றார். அதற்கடுத்த கோடையில் சித்திரை முடிந்தும் என் குட்டையில் முழங்காலளவு நீர் நின்றது.

அதுவே எனக்கு வினையாயிற்று. 1959ஆம் ஆண்டு இறுதியில், நான் கள்ளத்தனமாக ஏரி நீரை மண்ணுக்கடியில் இழுத்துத் தேக்குகிறேன் என்று ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் கங்கையா மேலதிகாரிகளுக்கு எழுதினார். குட்டையை ஏன் தூர்க்கக் கூடாது என்று கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்தது. அளந்தே காட்டுகிறேன் என்று பதில் எழுதினேன். ஒரு பானை நீரைக் கரையில் வைப்பது; எட்டு நாளில் வெயில் பானையிலும் குட்டையிலும் ஒரே அளவைத்தானே குடிக்கும்? குட்டை குறைவாக இறங்கினால் வெளியிலிருந்து நீர் வருகிறது என்று பொருள். கூடுதலாக இறங்கினால் ஒழுகுகிறது. சத்தியத்துக்கு வைக்கும் பானை யார் கையும் படாததாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே சூளையிலிருந்து இறக்கிய புதுப்பானையை வாங்கி, மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு வைத்தேன்.

1960 மாசியில், எட்டாம் நாள் அளந்தபோது குட்டை ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. பானை நான்கு அங்குலம் இறங்கியிருந்தது.

கர்ணம் சிரித்தார். “வெயில் ரெண்டுக்கும் ஒண்ணுதானே அப்பாவு? உன் குட்டைக்கு மட்டும் தயவு காட்டுமா? மீதி ரெண்டரை அங்குலம் ஏரித்தண்ணி. நீயே அளந்து குடுத்துட்டே, ரொம்ப சந்தோஷம்.”

அந்த அளவுக்குக் கீழே கையெழுத்திட்டவனும் நானே. ஏப்ரல் முதல் தேதி எங்கள் ஊர் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து பிரிந்து, ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. என் கோப்பும் சேர்ந்து போயிற்று. குட்டையைத் தூர்க்கும்படி உத்தரவு தெலுங்கில் வந்தது. மறு அளவு கேட்டு மூன்று மனுக்கள் கொடுத்தேன். பழைய அளவு ஏன் தவறு என்று முதலில் விளக்கும்படி பதில் வந்தது. என்னிடம் விளக்கம் இல்லை.

ஆடி மாதம் செங்கம்மா வந்தார். தம் ஆடுகள் மிதித்த தரையில் ஏரி நீர் ஊறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது.

“அந்தப் பானை எங்கண்ணா? எனக்குக் குடு. திருடனைக் கூட வச்சிக்கினுதான் பாக்கணும்.”

எடுத்துப் போய், தம் குடிசைக்குள் உலர்ந்த சாம்பலைப் பரப்பி அதன்மேல் வைத்தார். நீர் நிரப்பி, வெயிலும் காற்றும் புகாதபடி வாயைத் தட்டால் மூடி, தட்டின் விளிம்பைச் சுற்றிலும் சாணியால் மெழுகினார். மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடிய பானையில் இரண்டு விரற்கடை நீரைக் காணோம். சாம்பல் சேறாகியிருந்தது.

“பாத்தியா? உன் சாட்சிக்கே தாகம்!”

வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் புதுப்பானை வாங்குவதே அது கசிந்து நீரைக் குளிர்விப்பதற்காகத்தான். அதைச் சத்தியத்துக்கு வைத்தபோது அந்த நினைவு எனக்கு வரவேயில்லை.

செங்கம்மா செய்ததை அப்படியே எழுதி நான்காம் மனுவைக் கொடுத்தேன். 1961 தை மாதம், ஏரி நிறைந்திருந்தபோது மறு அளவு நடந்தது. இம்முறை என் வீட்டுப் பித்தளை அண்டாவைக் குட்டைக்குள்ளேயே கல்மேல் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே மட்டமாக நீர் விட்டோம். எட்டாம் நாள் புது ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தம் அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். அண்டாவில் ஒன்றேகால் அங்குலம், குட்டையிலும் ஒன்றேகால்.

கர்ணம் விடவில்லை. “அண்டா ஓட்டையா இருந்தா? உள்ளயும் வெளியவும் தண்ணி போய் வந்துக்கினு சமமாத்தான் நிக்கும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அளவு பார்க்க வந்திருந்த செங்கம்மா முதன்முறையாகக் கர்ணத்தை மரியாதையோடு பார்த்தார்.

“நல்லாக் கேட்டீங்கய்யா. தூக்கிக் கரையில சாம்பல் மேல வைப்போம். ஓட்டையா இல்லையான்னு அதுவே சொல்லும்.”

“சரே,” என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டார் இன்ஸ்பெக்டர். “நாளைக்குப் பொழுது விடிஞ்சதுமே வர்றேன். அண்டாவை எவரும் தொடக்கூடாது.”

நான்கு பேர் நீரோடு தூக்கி வைத்தோம். காவலுக்குத் தலையாரி பாலையா உட்கார்ந்தார். மறுநாள் அண்டாவை நகர்த்தியதும் இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து ஊதினார். அது பறந்தது. குட்டையில் நிற்பது என் சொந்த நிலத்து மழைநீரே என்றும், தூர்க்கும் உத்தரவு ரத்து என்றும் மாசி இருபதாம் தேதி தாள் வந்தது.

அதைச் செங்கம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “எல்லாம் சரிண்ணா. அந்த ஒண்ணேகால் அங்குலத்தைக் குடிச்சது வெயிலா, காத்தா?”

தெரியாது என்றேன். மறுநாள் காலையில் இரண்டு அண்டாக்கள் வேண்டும் என்று வந்து நின்றார். ஒன்று வெட்டவெளியில் வைக்க, மற்றொன்று கூரை நிழலில் வைக்க.