கேமராவுக்குள் வராத கால்கள்

டாக்டரைப் பார்க்கத்தானே உட்காரப் போகிறார், பெண் பார்க்கவா? சிங்காரவேலு காலையிலிருந்து செய்த அலங்காரத்தைப் பார்த்துத் தனபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழவழவென்று சவரம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பவுடர், அதன்மேல் விபூதி. டீயைக்கூடத் தொடவில்லை. குடித்தால் பிரஷர் ஏறிவிடுமாம்.

"செல்போன்ல எப்பிடிங்க பிரஷர் பாப்பாங்க?"

"ஒனக்கின்னா தெரியும்? சும்மா கெட. நடுவுல வாயத் தொறந்த, போன அணைச்சிட்டுப் போயிகினே இருப்பேன்."

அவளுக்கா தெரியாது! நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் மண் வாரியே காலம் தள்ளிய காண்ட்ராக்ட் ஆள் இவர். வருஷா வருஷம் மெடிக்கல் வைப்பார்கள். 'அன்ஃபிட்' என்று டாக்டர் எழுதிவிட்டால் கேட் பாஸ் போச்சு, சோறும் போச்சு. அதனால் காய்ச்சல் கொதித்தாலும் இடுப்பு ஒடிந்தாலும் டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணும் இல்லீங்க சார்" என்று சொல்லியே பழகிய வாய். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்த வாய் திருந்தவில்லை.

இப்போதோ படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், சென்னையிலிருக்கும் மகன் இனியன்தான் அங்குள்ள இருதய டாக்டரம்மாவிடம் வீடியோவில் நேரம் வாங்கிக் கொடுத்தான். "போன்லதானே? மூஞ்சியக் காட்டிடறேன்" என்று இவர் உடனே தலையாட்டியபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

சம்படத்தில் சாய்த்து வைத்த போன் அடித்தது. திரையில் டாக்டரம்மா வந்தார். சிங்காரவேலு ஒரு ஜாண் நிமிர்ந்தார்.

"மூச்சு வாங்குதாங்க ஐயா?"

"இல்லீங்க மேடம்."

"படுத்துத் தூங்க முடியுதா?"

"அடிச்சிப் போட்டாப்ல தூங்கறேங்க."

"மாடிப்படி ஏறினா?"

"ஓடச் சொல்லுங்க மேடம், ஓடியே காட்டறேன்!"

அடப்பாவி மனுஷா! கதவோரம் நின்ற தனபாக்கியம் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். வாயைத் திறந்தால் அணைத்துவிடுவார். திறக்காவிட்டால் ஆளே போய்விடுவார். சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து நரம்பு துடிப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தம்மாவுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"உங்க பையன் ரொம்ப பயந்துட்டார்போல. பார்க்க நல்லாத்தான் இருக்கீங்க. அடுத்த மாசம் பேசுவோம்."

சிங்காரவேலுவின் விரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை அவள். பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"பொய் சொல்றாரும்மா! வச்சிடாதீங்க!"

"ஏய், குடுடி!" என்று எட்டினார். எழ முடியவில்லை, இரைத்தது. கால்களை லுங்கிக்குள் இழுத்துக்கொண்டார். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே இழுத்து மடியில் வைத்தாள். போனைத் திருப்பிப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்தாற்போல் குழி அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. "அம்மா, தெரியுதாம்மா?" என்று அவள் கத்தக் கத்த, மறுமுனையில் சத்தமே இல்லை. ஆண்டவா, ஒரே ஒரு நிமிஷம்! பிறகு படம் அசைந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியிருந்தது.

"தெரியுதும்மா. கால்ல நீர் கோத்திருக்கு, இருதயம் திணறுது. ஒரு நிமிஷம்கூட வீட்ல வச்சிருக்காதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப் போங்க. நடக்க விடாதீங்க."

ஆட்டோவில் அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மானத்தை வாங்கிவிட்டாளாம். போகட்டும், ஆள் இருந்தால்தானே மானம் என்று அவளும் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நெய்வேலி ஆர்ச் கேட் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"தனம், நெஞ்சும் வலிக்குது."

"எப்பத்திலேந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியிலேந்து."

இது சித்திரை. அவளுக்கு அவரை அறையவேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"என்கிட்டகூடவா மறைச்சிகினு இருந்த?"

"ஒங்கிட்டதான் மொதல்ல மறைச்சேன். நீ பயந்துட்டின்னா நானும் பயந்துடுவேன்."

தனபாக்கியம் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சில்லிட்டுக் கிடந்த அவர் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் ஓட்டுப்பா!" என்று ஆட்டோக்காரரிடம் கத்தினாள்.