கேட்டுவிட்டுப் பரிமாறக் கற்றவர்

புதன்கிழமை காலை கரமனையிலிருந்து தாணு அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தார். அண்ணாச்சி குளியலறையில் விழுந்து இறந்துவிட்டார் என்றார். நான் சொன்ன பதில்: "சனிக்கிழமை எங்களுக்கு ஸ்பானிஷ் கிளாஸ் இருக்கே." இதை எழுதும்போதும் என் மூளை அந்த இடத்தைத் தாண்டவில்லை.

பதினோரு வருடம் அவருக்கும் எனக்கும் ஒரே ஆடிட்டர் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவரோடு ஒரு முறையாவது ஓட்டலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வேறு யாரும் ஆர்டர் சொல்ல முடியாது. உட்காரும் முன்பே, "நாலு ரவா தோசை, நல்லா முறுகட்டும்" என்பார். நாஞ்சில் நாட்டு உபசரிப்பு. "கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாவ. கேக்காம வச்சாத்தான் மக்ளே சாப்பிடுவாவ" என்பது அவர் கட்சி. எனக்கு ரவா தோசை பிடிக்கவே பிடிக்காது. பதினோரு வருடம் தின்றேன்.

அவர் மகள் உமா ஸ்பெயினில் வேலை பார்த்து, அங்கேயே ஒருவரை மணந்துகொண்டாள். முதல் முறை வந்த மருமகனின் இலையில் அண்ணாச்சி கேட்காமலே அள்ளி வைக்க, அவர் மரியாதைக்காக எல்லாவற்றையும் தின்றுவிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டார். தன் மாமனார் மாமியார் வரும்போதும் இதே கதை என்றால் அவர்களைக் கூட்டி வரவே மாட்டேன் என்று உமா சொல்லிவிட்டாள். அண்ணாச்சி ஆடிப்போனார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வயதில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே பாடம், சாப்பாட்டு மேசையில் இதமாகக் கேட்பது. "இ சி ப்ரொபாமோஸ்" என்று ஆரம்பித்தால், இதைச் சாப்பிட்டுப் பார்ப்போமா என்று அர்த்தம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வார்த்தை ஒரு வாரத்தில் வந்துவிட்டது. காத்திருப்பதுதான் வரவில்லை. கை தானாக சர்வரைக் கூப்பிடும். நான் மேசைக்கடியில் அவர் காலைத் தட்டுவேன்.

கடைசிச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து பழவங்காடி ஓட்டலுக்குப் போனோம். சர்வர் வந்து நின்றார். அண்ணாச்சி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இ சி ப்ரொபாமோஸ் இட்லி?" என்றார். காத்திருந்தார். இட்லிதான் எனக்குப் பிடிக்கும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. தலையை ஆட்டினேன். "கேக்கதும் நல்லாத்தான் இருக்கு மக்ளே" என்றார். நான்காவது நாள் ஆள் இல்லை. நம்ப முடியவில்லை. கோபம் கோபமாக வருகிறது.

சம்பந்திகள் முன்பே எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றவில்லை, வந்தார்கள். பதினாறாம் நாள் கழிந்து உமா அவர்களையும் என்னையும் அதே ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். சர்வர் வந்தார். அண்ணாச்சியின் இடத்தில் நானாவது கேட்க வேண்டும் என்று சம்பந்தியம்மாவைப் பார்த்து "இ சி" என்று ஆரம்பித்தேன். உமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காதீங்க அக்கா. அப்பா சொல்லுக மாதிரி சொல்லுங்க."

"நாலு ரவா தோசை, நல்லா முறுகட்டும்" என்றேன்.

படித்த ஸ்பானிஷ் எனக்குச் சீக்கிரம் மறந்துவிடும். அண்ணாச்சியிடமிருந்து என்னோடு இருக்கப்போவது இந்த ஆர்டர்தான். அன்று கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன்.