ஆணி அடிக்காத சுவர்

செய்தி வந்தபோது என் வலது கையில் ஒரு பழச்சாறு டப்பா இருந்தது. இடது முழங்கை மடிப்பில் பஞ்சு. ரத்த வங்கியின் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பியூலா அக்காவின் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

"போயிட்டா தம்பி," என்றார். பிறகு, "நீங்க குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

கொடுத்துவிட்டேன் என்றேன்.

ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படும்போது அக்காவுக்கு வயிற்றுப்புண் உடைந்து ரத்த வாந்தி. நாற்பத்து நான்கு வயது. அவருக்கும் எனக்கும் ஒரே வகை ரத்தம், பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பது. பம்பாய் வகை என்பார்கள். வேறு எந்த ரத்தமும் எங்களுக்குச் சேராது. எங்கள் ரத்த வங்கியின் பட்டியலில், இந்த ஊரில் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் என்று நாங்கள் இருவர்தான் இருந்தோம். என் பை பரிசோதனை முடிந்து அவரிடம் போய்ச் சேரவில்லை.

அந்தப் பையை என்ன செய்வீர்கள் என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வாய் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் அதை அக்காவுக்குக் கொடுத்தேன், வேறு யாருக்கும் அல்ல. அவர் லேபிள் ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல், வங்காளியில் சொன்னார்: "அது இனிமே உங்களோடது இல்ல, அண்ணா. ஜூஸக் குடிங்க."

உங்களில் பலருக்கு அக்காவை நம் சபையின் பாடகர் குழுவில் தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய ரத்தம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு. வேலைக்காக கொல்கத்தா வந்து நான்காவது மாதம், பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்த எந்த ரத்தமும் எனக்குச் சேரவில்லை. கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கொடுத்துப் போனாராம். மறுநாள் கண் விழித்தபோது கட்டில் முனையில் நின்று என் பெயர் அட்டையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏல, தமிழா? ஐயோ பாவம். நீயும் மாட்டுனியா?"

கால் சரியானதும் அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சுவர்கள் வெறுமையாக இருந்தன. காலண்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அப்பா அம்மாவின் படம் அலமாரியில் சாய்ந்து நின்றது. ஒரு ஆணிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"வீடு நமக்கு அலாட் ஆயிருக்கு, அவ்வளவுதான். காலி பண்ணும்போது அடுத்தவன் வந்து ஓட்டைய எண்ணக் கூடாதுல்லா?" பிறகு தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார். "இதுவும் குவார்ட்டர்ஸ்தாம்ல. கர்த்தர் அலாட் பண்ணது. சுத்தமா வச்சிக்கிடணும். கேக்கும்போது சாவியக் குடுக்கணும்."

எனக்கு அந்தப் பேச்சு பயமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் உடலைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். யாரோ வந்து கேட்பார்கள் என்று எதிலும் இல்லை.

அவர் அப்படித்தான் வாழ்ந்தார். கரியாஹாட் கடைத்தெருவில், ஃபுச்கா எனும் பானிபூரிக் கடை முன்னால் என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, தான் தள்ளி நிற்பார். தெருத் தண்ணீர். மஞ்சள் காமாலை வந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பதினோரு வருடமாக ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

"தீதி, ஒண்ணே ஒண்ணு!" என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் நீட்டுவார்.

"நீ தின்னுல. நா வாசம் புடிச்சிக்கிடுதேன்." எச்சில் விழுங்குவது வெளிப்படையாகத் தெரியும். அதை மறைக்கவும் மாட்டார்.

இனி நான் செய்தது.

போன வருடம் ரத்த வங்கியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பிரசவத்தில் ஒரு பெண். அக்கா கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவரை எடுக்க மாட்டார்கள். நான் காய்ச்சல் என்று சொன்னேன். பொய். ஊசிக்குப் பயம் என்று சொன்னால் எளிதாக இருக்கும். ஆனால் பயம் ஊசியிடம் இல்லை. எங்கோ ஒரு அறையில் ஒருவர் என்னை மட்டுமே நம்பிப் படுத்திருக்கிறார் என்பதிடம்.

ரத்த வங்கியிலிருந்து விஷயம் தெரிந்து, ஒரு மணி நேரத்தில் அக்கா லேக் கார்டன்ஸில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்துவிட்டார். கையில் தெர்மாமீட்டர்.

"வாயத் தொற."

திறந்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு. ரொம்ப ஒழுக்கமான காய்ச்சலாட்டு இருக்கு."

நான் அழுதேன். போகவில்லை. ரத்தம் வேறு ஊரிலிருந்து விமானத்தில் வந்தது, அந்தப் பெண் பிழைத்தாள். அது தெரியும்வரை மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாட்களும் எனக்கு இன்னும் முடியவில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. எஜமான் ஒப்படைத்ததை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனைப் பற்றி பிரசங்கம். சோம்பேறி என்றார் போதகர். பாடகர் வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அக்கா பாதி திரும்பிக் கிசுகிசுத்தார்.

"சே! அவன் சோம்பேறி இல்லல. பயந்தாங்கொள்ளி. உன்ன மாதிரி. என்ன மாதிரி."

உங்களுக்கு என்ன பயம் என்று வெளியே வந்ததும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கொடுக்கப் போகுமுன் வீட்டில் வாந்தி எடுப்பாராம். பதினோரு வருடமாக. யாரிடமும் சொன்னதில்லை.

"பயம் போன பெறவு போவோம்னா ஒருத்தனும் எங்கயும் போமாட்டான். பயத்தையும் கூட்டிக்கிட்டுப் போ. அது பாட்டுக்கு வெளில பெஞ்சுல உக்காந்திருக்கும்."

பிறகு வந்த இரண்டு அழைப்புகளுக்கும் அவரே போனார். நான் முதல் முறையாகப் போனது அவருக்காக. என் பயம் வெளியே பெஞ்சில் உட்காரவில்லை. நாற்காலிவரை கூடவே வந்தது.

அவர் கொடுத்தது எனக்கு வந்து சேர்ந்தது. நான் கொடுத்தது அவருக்குப் போய்ச் சேரவில்லை. பை ஒன்பதாம் நாள் வேறு ஊருக்குப் போனது என்று டெக்னீஷியன் சொன்னார். யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். யாரோ ஒருவர் இப்போது நடந்துகொண்டிருக்கலாம். சில நாட்களில் அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. சில நாட்களில் இல்லை.

இதை எழுதச் சொல்லிப் போதகர் முதல் வாரமே கேட்டார். தள்ளிப்போட்டேன். காரணம் துக்கம் மட்டும் அல்ல. ஒருமுறை கொடுத்தவரைத் தொண்ணூறு நாட்கள் மறுபடி அழைக்க மாட்டார்கள். அந்த எண் திரையில் வராது என்று தெரிந்தே தூங்கினேன். அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது. அக்காவிடம் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

இன்று தொண்ணூறாவது நாள். நாளையிலிருந்து அழைக்கலாம். பட்டியலில் நான் மட்டும்.

அவருடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது? அவர் ரத்தம் இல்லை. சிவப்பணுக்கள் நான்கு மாதத்துக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. என் அறையில் மறந்துவிட்டுப் போன தெர்மாமீட்டர் இருக்கிறது. கரியாஹாட்டில் இப்போது நானும் வாசம் மட்டும் பிடிக்கிறேன். அவருடைய பயம் இருக்கிறது. அதை என்னுடையதிலிருந்து பிரிக்கத் தெரியவில்லை.

வரும் ஞாயிறு நினைவு ஆராதனையில் இதை நான் வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசிப்பேன். கைபேசியை அணைக்கச் சொல்லாதீர்கள். பாதியில் மணி அடித்தால், தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோவேன். நீங்கள் மீதியை வாசித்துக்கொள்ளுங்கள்.