மார்த்தா பாராத பாகங்கள்

“அடியே, அவளை நம்பாதை! அவள் நஞ்சடி!”

மார்த்தா இப்படிக் கத்தினால் தோட்டவெளிக் கிராமத்தில் யாரும் ஓடிவருவதில்லை. கருவாட்டுக்கு மீன் கிழித்தபடி நாடகம் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, உப்பு வாளியில் சாய்த்து வைத்திருப்பாள். கை முழுக்கச் செதில்; ஆகவே நிறுத்துவதும் ஓட்டுவதும் மூக்கு நுனியால்தான். ஒருமுறை மூக்குப் பிசகி ஹிந்திச் சமையல் ஓடத் தொடங்கியது. அதையும் கடைசிவரை பார்த்துவிட்டு, “பிள்ளை கைப்பக்குவமாத்தான் செய்யுது” என்றாள்.

முன்பெல்லாம் நாடக நேரம் வந்தால் அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கிவைத்துவிட்டு டீவிக்கு ஓடுகிறவள். இப்போது நாடகம் இவளுக்காகக் காத்துக்கிடக்கிறது. மீன் வந்தால் நிறுத்துவாள், மழை வந்தால் நிறுத்துவாள். கணவர் அருட்பிரகாசம் சோறு கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டாள்!

அப்பேர்ப்பட்டவள் இந்தத் தவக்காலத்தில் நாடகம் பக்கமே போகவில்லை. அருட்பிரகாசத்துக்குத் தூண்டில் முள் பட்டு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிஞ்சிய கண்ணிலும் வெள்ளை படர, யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் பிழையாகிப்போனால் கடல்காரன் கதி என்ன? பாவம், பயந்துபோய் மடுக்கோயில் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்: பார்வை கிடைக்கவேணும், உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும் நாடகம் இல்லை. விட்டுக்கொடுக்க அவளிடம் அதைவிட ஆசையான பொருள் வேறெதுவும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜெனிற்றா சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு எங்கே வாய் அடங்கிக் கிடக்கும்?

“இதென்ன ஒறுத்தல், மார்த்தாக்கா? எங்கட அம்மா தவக்காலத்தில டீவியைத் துணியால மூடிவிடுவா. போன கதை போனதுதான். உங்கட கதை போனுக்குள்ள பத்திரமாக் கிடக்கு. பெருநாள் முடிய ஒரே இருப்பில இருந்து பாப்பியள்.”

மார்த்தா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். “அப்ப நான் மாதாவுக்கு ஒண்டும் குடுக்கேல்லையோ?”

ஜெனிற்றா சிரித்துக்கொண்டு போய்விட்டாள். மார்த்தாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. கொடுப்பதுபோலக் காட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த கள்ளி ஆகிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளே, கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற நடுக்கமும் இருந்தது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. பெருநாள் பூசைக்குப் போய்வந்து, சாப்பாடும் முடிந்தபின், இருவரும் முற்றத்தில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். அருட்பிரகாசம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். போனில், பாராத பாகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

“விட்ட இடத்தில இருந்து போடு. நானும் பாக்கிறன்.”

மார்த்தா விரலால் தள்ளினாள். ஆசை இல்லாமலா? ஒவ்வொரு படமாகக் கண்ணில் பட்டு மறைந்தது. தள்ளிக்கொண்டே போய், நேற்று வந்த கடைசிப் பாகத்தைத் தொட்டாள். திரையில் ஒரு கலியாண வீடு.

“ஆர் இந்தப் பொம்பிளை? இடையில என்ன நடந்தது?” என்றார் அருட்பிரகாசம்.

“எனக்கும் தெரியாது. அது மாதாவுக்குக் குடுத்தாச்சு” என்றவள், அவருடைய பார்வை உள்ள கண்ணின் பக்கமாகப் போனை நகர்த்திப் பிடித்தாள்.