சிவப்புத் துணி

சென்னைக்குத் திரும்பும் மெயின்லேண்ட் கப்பல் நாளைக்குத்தான். பொழுது போக, போர்ட் பிளேருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறேன். தண்ணீர் தளும்புகிறது. காவலர் முத்துக்கருப்பன் கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறார். அவர்கள் இங்கே குடிவந்த வருடம் நீர்மட்டம் இருந்த அளவுக்கு, அவர் மனைவி தன் சேலையைக் கிழித்துக் கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி, இன்று கல் அடியைத் தொட்டதும் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது.

“அடியில மண்ணு ஏறிப்போச்சு சார். பாக்கத்தான் தண்ணி ஃபுல்லு, உள்ள பானி கம்மி.”

கயிற்றைச் சுருட்டும்போது துணியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்.

“எம் பொஞ்சாதி ராமநாதபுரத்துல மூணு மைல் நடந்து தண்ணி சுமந்தவ. நான் கயித்தோட வீட்டுக்குப் போனதும் இதத்தான் தொட்டுப் பாப்பா. ஈரமா இருந்தாத்தான் தண்ணி கொறையலன்னு நம்புவா.”

துணியின் ஒரு நுனி இன்னும் நனையாமல் காய்ந்தே இருக்கிறது. சொல்கிறேன். குனிந்து மறுபடி நனைக்கிறார்.